சுல்தானுக்குத் துட்டி கேட்கப் போனவர்

இசக்கிராஜாவுக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். அப்பா காலம்வரை நெல் வயல்தான் பிழைப்பு. அண்ணன் போலீஸில் சேர்ந்தார். தம்பி பட்டாளத்துக்குப் போனான். நடுவில் பிறந்த இசக்கிராஜாவுக்கு இரண்டுக்குமே உயரம் போதவில்லை. ஆளெடுப்பில் குதிகாலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி நின்று பார்த்தார். அளந்த ஏட்டு அவர் தோளை மெல்ல அழுத்தி இறக்கிவிட்டு, "போயிட்டு வாடே" என்றார். அதோடு அந்த ஆசை போயிற்று.

குற்றாலத்தில் ஒரு விடுதியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். சீசனுக்குத் தங்க வந்த ஒருவர் அவர் வளர்த்த குரோட்டன்ஸ் வரிசையைப் பார்த்துவிட்டு, மஸ்கட்டில் இதே வேலைக்கு ஆள் வேண்டும் என்றார். அப்போது கல்யாணமாகி, மகள் அபர்ணா கைக்குழந்தை. மனைவி அனுசியா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

மஸ்கட்டில் மலையெல்லாம் கருகிப்போன மாதிரி நிற்கும். அதற்கடியில் அகலமான சாலை. சாலையின் நடுவிலும் இரு ஓரங்களிலும் குளிர்காலம் முழுக்கப் பூ. பெட்டூனியா என்று பெயர். ஊதா, வெள்ளை, சிவப்பு என்று பாய் விரித்தாற்போல மைல் கணக்கில் பூத்துக் கிடக்கும். அந்தப் பாயில் ஒரு துண்டு இசக்கிராஜாவின் பொறுப்பு. குற்றாலத்தில் வேலை பார்த்தவருக்குத் தண்ணீர் என்றால் மேலேயிருந்து கொட்டுவது. அங்கே அது மெல்லிய குழாய்களில் வந்து, ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் வருடம் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அதிசயம் தீரவில்லை.

கேம்ப்பில் அவருடைய அறைத்தோழன் மன்சூர், கடையநல்லூர்க்காரன். ஒரே பஸ் ரூட்டில் பிறந்தவர்கள் என்பதால் முதல் நாளே 'லே' போட்டுப் பேசிக்கொண்டார்கள். மன்சூருக்கு அரபி நன்றாக வரும். போர்மேன் பெயர் ஹமத், அந்த நாட்டுக்காரர். வெள்ளை அங்கியும் பூவேலை செய்த தொப்பியுமாகக் காலையில் காரிலிருந்து இறங்கும்போதே "யல்லா, யல்லா" என்று கை தட்டிக்கொண்டுதான் இறங்குவார். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். கெட்டவர் இல்லை, ஆனால் ஒட்டவும் மாட்டார்.

நாட்டை ஆண்ட சுல்தானைப் பற்றி இசக்கிராஜாவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எல்லாக் கடையிலும் படம் இருக்கும். ஐம்பது வருடமாக அவர்தான் ராஜா. உடம்பு சரியில்லை என்று கொஞ்ச காலமாகப் பேச்சு. 2020 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்த மன்சூர் அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இசக்கிராஜா, சுல்தான் மவுத்தாயிட்டாவ."

இசக்கிராஜா முதலில் செய்த காரியம், இரண்டு குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்ததுதான். அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். கேம்ப் கேட்டைப் பூட்டச் சொல்லலாமா என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்த மரணம் அப்படி.

சில வருடங்களுக்கு முன் அவர் விடுப்பில் ஊரில் இருந்தபோது நம் மாநிலத்தில் ஒரு தலைவர் இறந்தார். தென்காசியில் கடைகள் வரிசையாக ஷட்டரை இறக்கின. ஆலங்குளத்திலேயே பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள்கூட நடந்து வந்தார்கள். அச்சன்புதூர் தெருமுனையில் நாற்காலி போட்டு, அதன் மேல் படம் வைத்து, மாலை போட்டு, பெண்கள் சுற்றி நின்று மாரில் அடித்து அழுதார்கள். இசக்கிராஜாவின் அம்மா பாலம்மாளும் அந்த வட்டத்தில் நின்றாள். தலைவரை அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. தலைமுடி அவிழ்ந்து, குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வந்தவளிடம், "ஏம்மா, ஒன் அண்ணன் செத்ததுக்குக்கூட நீ இப்பிடி அழலியே" என்று கேட்டார்.

"அவன் எனக்கு மட்டும்தானல செத்தான்" என்றாள் பாலம்மாள்.

அந்தப் பதிலை அவர் அப்போது சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மஸ்கட்டில் அன்று காலை ஒரு சத்தமும் இல்லை. போன் அடித்தது. ஹமத். கம்பெனிக்கு விடுமுறைதான், ஆனால் ஊர்வலம் உங்கள் சாலை வழியாக வரப்போகிறது, ஒரு சருகுகூடக் கிடக்கக் கூடாது, வர முடிகிறவர்கள் வாருங்கள் என்றார். வர முடிகிறவர்கள் என்று அவர் சொன்னதையே இசக்கிராஜா அதிசயமாகக் கேட்டார். மன்சூர் பெரிய பள்ளிவாசல் தொழுகைக்குக் கிளம்பிவிட்டான். இசக்கிராஜா துடைப்பத்தோடு வண்டி ஏறினார்.

ஹமத் ஏற்கெனவே அங்கே நின்றார். கை தட்டவில்லை. தானே குனிந்து, ஒரு காகிதக் குவளையை எடுத்துத் தன் காரில் போட்டார். இசக்கிராஜா சாலையோரம் கூட்டி முடித்துவிட்டுப் பூக்களைப் பார்த்தார். ஜனவரி மாதம், பூ மொத்தமும் மலர்ந்த நேரம். ஊரில் ஒரு வார்டு கவுன்சிலர் இறந்தாலே கூடை கூடையாகப் பூ வந்து இறங்கும், தெருவெல்லாம் மிதிபட்டுக் கிடக்கும். இங்கே லாரி லாரியாக அள்ளலாம். கத்தரியை எடுத்துக் காட்டி, "வெட்டித் தரட்டுமா?" என்று அரைகுறை இந்தியில் கேட்டார்.

"வேண்டாம்" என்றார் ஹமத். "எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்குப் பூப் போடுவதில்லை. செடியிலேயே இருக்கட்டும்."

வெயில் ஏற ஏற ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். கார்களை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். வெள்ளை அங்கி போட்ட ஆண்கள், தோளில் குழந்தை வைத்திருந்தவர்கள், கறுப்பு உடையில் பெண்கள், கையில் டிபன் பாத்திரத்தோடு நம் நாட்டுக் கூலியாட்கள், பெங்காலிகள். மைக் இல்லை. கோஷம் இல்லை. படம் போட்ட தட்டி இல்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. பூப்பாத்தியின் விளிம்பில் செருப்பு படாமல் ஜனங்கள் பின்னால் நகர்ந்து நின்றதை இசக்கிராஜா கவனித்தார். அத்தனை ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் சொட்டுநீர்க் குழாயின் சத்தம் அவருக்குக் கேட்டது.

பிறகு வண்டிகள் வந்தன. ராணுவ வண்டி ஒன்றில், கொடி போர்த்திய பெட்டி. அவ்வளவுதான். அலங்காரமில்லை, யானை குதிரை இல்லை. ஐம்பது வருடம் ஆண்ட மனிதர் இவ்வளவு சிறிய இடத்தில் போகிறாரா என்று இசக்கிராஜாவுக்குத் தோன்றியது. டயர் உருளும் ஓசை மட்டும் கிட்டத்தில் வந்து, கடந்து போனது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உதட்டுக்குள் ஏதோ சொன்னார். அவர் தாடியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரலில் அது தெரியவில்லை.

அப்போது இசக்கிராஜாவின் கையை யாரோ பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தார். ஹமத். இத்தனை வருடத்தில் கை கொடுத்துக்கூடப் பேசாத ஹமத், மண் அப்பிய அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வண்டி மறைந்தும் விடவில்லை. விட்ட பிறகு போய்க் காரில் உட்கார்ந்தார்.

மன்சூர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தான். அடக்கம் முடிந்துவிட்டது என்றான். விடியும் முன் செய்தி, மத்தியானத்துக்குள் மண்.

"சமாதி எப்பிடிலே கெட்டியிருக்காவ?"

"சமாதியா? மண்ணக் குமிச்சு வச்சிருக்காவ, அவ்வளவுதான். ஒனக்கும் எனக்கும் எப்பிடியோ அப்பிடித்தான்."

 இசக்கிராஜா கட்டிலில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் நாடே மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை இசக்கிராஜா குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "மன்சூரு, கெளம்பு. ஹமத் வீட்டுக்குப் போயி துட்டி கேட்டுட்டு வந்துருவோம்" என்றார்.

இறப்பு விழுந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து விசாரிப்பதற்கு நம் பக்கத்தில் துட்டி கேட்பது என்று பெயர். மன்சூர் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ராஜா செத்ததுக்கு போர்மேன் வீட்ல போயி துட்டி கேப்பாவளால? சிரிக்கப் போறாவ."

"அவரு கைய நான் பாத்தேன்லே. அப்பன எரிச்சிட்டு வந்தவன் கை மாதிரி விடாமப் பிடிச்சிக்கிட்டு கெடந்துச்சு. போகாம இருந்தா அது மொறையா?"

மன்சூரும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஹமத்தின் வீடு நகரத்துக்கு வெளியே, பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. வாசலில் இவர்களைப் பார்த்ததும் ஹமத் திகைத்துப் போனார். ஏதாவது பிரச்சினையா, கேம்ப்பில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்டார். மன்சூர் அரபியில், "இவருடைய ஊரில், வீட்டுப் பெரியவர் இறந்தால் கூட வேலை செய்கிறவர்கள் போய்ப் பார்ப்பார்கள். அதனால் வந்திருக்கிறோம்" என்றான்.

ஹமத் வாசல் கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே திரும்பி, "அப்பா" என்பதற்கு அவர்கள் பாஷையில் உள்ள சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே கம்பளத்தில் அவருடைய தந்தை உட்கார்ந்திருந்தார். எழ முடியாத வயது. இவர்களுக்காக மகன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வேண்டாம் வேண்டாம் என்று இசக்கிராஜா கும்பிட்டும் கேட்கவில்லை. பேரீச்சம்பழமும் சிறிய கிண்ணங்களில் ஏலக்காய் மணக்கும் கசப்பான காப்பியும் வந்தன. முறைப்படி நால்வரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் துட்டியிலும் முதல் கொஞ்ச நேரம் அப்படித்தான். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இசக்கிராஜாவுக்கு அது பழக்கமாகவே இருந்தது.

முதியவர்தான் பேசினார். மன்சூர் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இவர் என்ன வேலை செய்கிறார்?"

"சாலையில் பூச்செடி."

"எத்தனை பேர் ஒரு அறையில்?"

"ஆறு பேர்."

முதியவர் தலையை ஆட்டினார். "நாங்கள் பத்துப் பேர். குவைத்தில்."

இசக்கிராஜா சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று மன்சூரைப் பார்த்தார். மன்சூரும் இன்னொரு தடவை கேட்டான். ஆமாம், கூலி வேலைக்குத்தான். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஒன்றுமே கிடையாது. பள்ளிக்கூடம் விரல் விட்டு எண்ணலாம். மஸ்கட்டில் இருட்டினால் ஊர்க்கதவைச் சாத்திவிடுவார்கள், கையில் விளக்கில்லாமல் நடக்கக் கூடாது. இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறிப் போனார்கள். அவரும் போனார். குவைத்தில் சிமெண்ட் மூட்டை சுமந்தார். முதுகுத் தோல் வெந்துபோகும். அந்த ஊர்ச் சிறுவர்கள் இவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை முதியவர் சொல்ல, மன்சூர் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டான்.

"ஒருநாள் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. புது சுல்தான். இளவயசுக்காரர். வெளிநாட்டில் இருக்கும் என் ஜனங்களே, திரும்பி வாருங்கள், நாட்டைக் கட்டுவோம் என்று கூப்பிடுகிறார் என்றார்கள். நாங்கள் நம்பவில்லை. எங்களை யார் கூப்பிடுவார்கள்? ஒரு சிநேகிதன் மட்டும் போனான். அவன் குவைத்துக்குத் திரும்பி வரவில்லை என்றதும், சரி, உண்மைதான் என்று தெரிந்தது."

அந்த இடத்தில் முதியவர் லேசாகச் சிரித்தார். ஹமத்தும் சிரித்தார். துட்டி வீட்டில் எப்போதும் ஒரு தடவை யாராவது சிரிப்பார்கள்.

"கப்பல் வந்து நின்றது. துறைமுகத்தில் ஒருத்தன் எழுதிக்கொண்டே கேட்டான், உனக்கு என்ன வேலை தெரியும்? சிமெண்ட் சுமப்பேன் என்றேன். ரொம்ப நல்லது, அதுதான் வேண்டும் என்றான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் சுமந்தேன். அதே மூட்டை, அதே முதுகு. ஆனால் அது வலித்ததாக எனக்கு ஞாபகமில்லை. இவன் அதில்தான் படித்தான்."

ஹமத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  முதியவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "என் தகப்பன் என்னைத் தேடவில்லை. அந்தக் குரல் தேடியது. நேரில் நான் அவரைப் பார்த்தது தூரத்திலிருந்து ஒரே தடவை" என்றார்.

 சாலையில் அத்தனை ஆயிரம் பேர் வாய் திறக்காமல் நின்றார்களே, அவர்களில் எத்தனை பேர் இப்படிக் கூப்பிட்டு வந்தவர்களோ, வந்தவர்களின் பிள்ளைகளோ என்று இசக்கிராஜா நினைத்தார். ஒரு ராஜா கூலிக்காரனை நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். இது அவர் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. தெருமுனையில் மாரில் அடித்துக்கொண்டு நின்ற பாலம்மாளும் அப்போது நினைவுக்கு வந்தாள். அவளை யார், எந்தக் குரலில், எதற்காகக் கூப்பிட்டார்களோ. தான் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லையே என்று தோன்றியது.

காப்பிக் கிண்ணத்தை மறுபடி நிரப்பிக்கொண்டே முதியவர் ஏதோ கேட்டார். மன்சூர் சொல்லாமல் இருந்தான்.

"என்னலே கேக்காவ?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுலே."

"ஒங்க ஊர்லருந்து ஒன்ன எப்பக் கூப்பிடுவாவன்னு கேக்காரு."

இசக்கிராஜா காப்பிக் கிண்ணத்தைக் கம்பளத்தில் வைத்தார். பிறகு, "எங்களக் கூப்பிடுததுக்கு ஆள் இல்லன்னு சொல்லு" என்றார். மன்சூர் அதைச் சொன்னானா, வேறு ஏதாவது மாற்றிச் சொன்னானா என்று தெரியாது. முதியவர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, இசக்கிராஜாவின் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் அனுசியாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். பொதுவாக அவர்கள் பேச்சு சாப்பாடு, மகள் படிப்பு, அம்மாவின் கால்வலி என்று சீக்கிரம் முடிந்துவிடும். அன்று அவர் நிறுத்தவில்லை. பூவை வெட்ட வேண்டாம் என்றது, சொட்டுநீர்ச் சத்தம், கொடி போர்த்திய பெட்டி, மண் குவியல், பெரியவர் எழுந்து நின்றது, ரேடியோவில் கூப்பிட்டது. கடைசியில் அந்தக் கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் சொன்னார்.

அனுசியா பக்கமிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "ஏட்டி, இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றாள். "ராஜா கூப்பிட்டாத்தான் வருவியளோ? நான் கூப்பிடுதேன். வாங்க."

"வெளாடுதியா?"

"வெளாடல. போகும்போதும் நான் ஒண்ணுஞ் சொல்லல. லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போகும்போதும் ஒவ்வொரு தடவையும் வாய மூடிக்கிட்டே இருந்தேன். நீங்களா வருவியன்னு நெனச்சேன். ஆரும் கூப்பிடாமதான் நீங்க அங்கன இருக்கியன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எப்பமோ கூப்பிட்டிருப்பேன்."

"வந்து என்ன செய்ய?"

"செடி வளக்கத் தெரியும்லா? இங்கன மண்ணு இல்லியா, தண்ணி இல்லியா? வாங்க."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மன்சூர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஊருக்கே போய்விடுகிறேன் என்று இசக்கிராஜா சொன்னபோது ஹமத் முதலில் சம்பளமா காரணம் என்று கேட்டார். இல்லை, வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள் என்றதும் மேற்கொண்டு தடுக்கவில்லை. "அப்பாவிடம் சொல்கிறேன், சந்தோஷப்படுவார்" என்றார்.

ஆனால் நினைத்தபடி கிளம்ப முடியவில்லை. டிக்கெட் போட்டிருந்த மார்ச் மாதத்தில் கொரோனா வந்து விமானமெல்லாம் நின்றது. கேம்ப் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மாதக்கணக்கில் அறைக்குள் கிடந்தார்கள். அந்த வெயிலில் பெட்டூனியா மொத்தமும் காய்ந்து, எப்போதும் போல வேரோடு பிடுங்கும் பருவம் வந்தது. பிடுங்க ஆள் போக முடியவில்லை. அனுசியா தினமும் போனில், "கூப்பிட்டது கூப்பிட்டதுதான், மாத்திக்கிட மாட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்துத் திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வந்து, ஒரு கல்லூரி விடுதியில் தனியாக அடைபட்டிருந்து, பிறகுதான் அச்சன்புதூர் வந்தார். திருநெல்வேலி மாவட்டத்துக்காரராகப் போனவர் தென்காசி மாவட்டத்துக்காரராக வந்து சேர்ந்தார். நடுவில் மாவட்டத்தையே பிரித்திருந்தார்கள்.

இப்போது இலஞ்சிக்கு அருகே சாலையோரத்தில் அவருடைய நாற்றுப் பண்ணை இருக்கிறது. முதல் வருடம் ஆசையாகப் பெட்டூனியா போட்டார். சாரலில் மொத்தமும் அழுகிப்போயிற்று. இட்லிப்பூ, செம்பருத்தி, ரம்புட்டான், ஜாதிக்காய்க் கன்று என்று மாற்றிக்கொண்டார். கன்று வாங்க வருகிறவர்கள் மஸ்கட்டைப் பற்றிக் கேட்டால் சம்பளக் கதை சொல்ல மாட்டார். அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வார். அம்மா பாலம்மாளையும் ஒருநாள் உட்காரவைத்து அந்தத் தலைவரைப் பற்றிக் கேட்டார். இளவயதில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மேடையில் அவர், "தாய்மார்களே" என்றதைக் கேட்டாளாம். "அதுக்கு முன்னால எங்கள ஆரும் அப்பிடிச் சொன்னதில்லல" என்றாள். நேரில் பார்க்கவில்லையே என்றதற்கு, கூட்டத்துக்குப் பின்னால் நின்றதில் மைக்கு மட்டும்தான் கேட்டது என்றாள்.

இசக்கிராஜா ஊர் வந்து சேர்ந்த அந்த ஆடி மாதத்தில் குற்றாலத்தில் நல்ல சீசன். மலை முழுக்க மேகம். ஆனால் நோய்க்காலம் என்று அருவிக்குப் போகும் வழியையெல்லாம் அடைத்திருந்தார்கள். அனுசியாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். கடைவீதியில் ஒரு கடையும் இல்லை. எண்ணெய் வாசனையும் இல்லை, பழக்கூடையும் இல்லை. குரங்குகள் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தன. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர், மழைக்கோட்டோடு.

"குளிக்க முடியாது அண்ணாச்சி."

"குளிக்கல. சும்மா பாத்துட்டுப் போயிருதோம்" என்றாள் அனுசியா.

பேரருவி முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடியில் ஒருவர்கூட இல்லை. பிறந்ததிலிருந்து அந்த அருவியை அவர்கள் ஆட்களின் தலைகளுக்கு மேலேதான் பார்த்திருக்கிறார்கள். பாறையில் தண்ணீர் விழும் முழு உருவத்தையும், உச்சியிலிருந்து தரைவரை, அன்றுதான் கண்டார்கள். சத்தம் நெஞ்சுக்குள் இறங்கி அதிர்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது. இசக்கிராஜா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

போலீஸ்காரரும் அருவிப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நேரமாகிவிட்டது என்று அவர் சொல்லவே இல்லை. கடைசியில் அனுசியாதான், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, போவோம். பிள்ள தேடுவா" என்றாள்.